வண்டியைப் பிடி, என்னைப் பிடிக்காதே

அடி என் தனம்,

போன இடத்திலும் உன் கை சும்மா இருக்காது, எதையாவது கட்டிக்கொண்டுதான் இருப்பாய். கட்டிக்கொண்டே கேள். பெரிய மார்க்கெட்டில் உன் பூக்கடையை உன் மகள் கவிதா பார்த்துக்கொள்கிறாள். பக்கத்துக் கடையில் நான்தான், ஆனால் தரையில் இல்லை, ஸ்டூலில். இனி எனக்குச் சம்மணம் போட முடியாது. நீ போன பிறகு என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திட்டாதே. உனக்குத் தெரிந்த புண்தான். உன் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றே, வெறுங்காலில் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். சர்க்கரை உடம்பு, தார் ரோடு பாதத்தைப் பொசுக்கியதே தெரியவில்லை. திரும்பி வந்ததும் நீதான் பார்த்தாய். "எனக்காவா நடந்த? கிறுக்கி! செருப்பு போடாதன்னு உங்க மாதாவா சொன்னாங்க?" என்று நீ கத்தியது மார்க்கெட் முழுக்கக் கேட்டது. கத்திக்கொண்டே புண்ணைக் கழுவிக் கட்டியவளும் நீதான்.

கார்த்திகையில் நீ போனாய். கிறிஸ்துமஸுக்குள் கால் போனது. இரண்டில் ஒன்றையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று ஆண்டவரிடம் கேட்டேன். இன்னும் கேட்கிறேன். பதில் இல்லை. அதற்காகப் பேசாமல் இருந்துவிட முடியுமா? நீயும்தான் கோபம் வந்தால் நாள்கணக்கில் முகம் கொடுக்கமாட்டாய். நான் விட்டேனா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எங்கள் ஜெபக்கூட்டத்து ஸ்டெல்லா அக்கா சாத்துக்குடியும் பைபிளுமாக வந்தார். நல்லவர்தான், அவர் வாய்தான் நமக்கு ஆகாது. "ஆரோக்கியம், நீ நேந்துகிட்டதே தப்பு. அந்தப் பொண்ணு நம்ம ஜனம் இல்ல. அதான் ஆண்டவர் கேக்கல. இது உனக்கு ஒரு பாடம். மன்னிப்பு கேட்டு ஜெபம் பண்ணு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "பைபிள்லயே அந்தக் கானானியப் பொம்பள கேட்டதுக்கு அவ மகள ஆண்டவர் கொணமாக்கலியா? அவ எந்த ஜனம்க்கா? சாத்துக்குடிய வச்சிட்டுப் போங்க, பாடத்த எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே தைத்துக்கொண்டது, தனம். படுத்த படுக்கையில் தனியாகக் கிடக்கும்போது மனசு எதையும் நம்பும். உனக்காக வேண்டிக்கொண்டது பாவம் என்று ஒருநாள் நானே சொல்லிவிடுவேனோ என்று நடுங்கினேன். கால் போனபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

அதனால்தான் இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை, பதினான்கு ஸ்தலங்களில் நின்று ஜெபித்துத் தெருத்தெருவாகப் போகும் சிலுவைப் பாதைக்கு நடந்தே போவதென்று கட்டைக்காலை மாட்டினேன். "ஆட்டோவுல பின்னாடியே வாயேம்மா" என்று என் மகன் கெஞ்சினான். மாட்டேன் என்றேன். இதுவும் உனக்கான நடைதான். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று ஊருக்குத் தெரியட்டும்.

ஒன்பதாம் ஸ்தலம் நம் மார்க்கெட் வாசலில் வந்தது. இயேசு மூன்றாம் முறை விழும் இடம். எல்லாரும் ரோட்டில் முழந்தாள் போட்டார்கள். நானும் போட்டேன். பிறகு எல்லாரும் எழுந்து பாடிக்கொண்டே போய்விட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. கட்டைக்கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

கடையிலிருந்து கவிதா ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்தாள்.

"தொடாதடி."

"அப்ப எப்புடித்தான் எழுந்திருப்ப, பெரிம்மா?"

"அந்த எலுமிச்சம்பழ வண்டிய நவுராமப் புடி. என்னைப் புடிக்காத."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது, ஆனாலும் பிடித்தாள். வண்டியைப் பற்றி எழப்போய் இரண்டு முறை சறுக்கினேன். கை தோல் உரிந்தது. எழுந்துவிட்டேன், தனம்!

ஒரு தடவை கிறிஸ்துமஸ் குடில் பார்க்க என்னோடு கோயிலுக்கு வந்தாயே, அப்போது சுவரிலிருந்த சிலுவைப் பாதைப் படங்களைப் பார்த்து, "மூணு வாட்டி வுழுறாரு, எழுந்த படம் ஒண்ணுகூட இல்லியே" என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். எழுகிற நேரத்தில் கூட்டம் முன்னால் போய்விடுகிறது. படம் போட ஆள் ஏது? ஆனால் அடுத்த படத்தில் நிற்கிறார், பார்த்தாயா?

பதினோராம் ஸ்தலத்தில் கூட்டத்தைப் பிடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஸ்டெல்லா அக்கா மெதுவாக, "எதுக்கு இந்தப் பிடிவாதம்? யாருக்காக இப்புடி நடக்குற?" என்றார்.

நான் மெதுவாகச் சொல்லவில்லை. "தனலட்சுமிக்காக!" நாலு பேர் திரும்பினார்கள்.

"அவதான் செத்துட்டாளே."

"செத்தா வேண்டறத நிறுத்திடணுமா? அப்பறம் எதுக்குக்கா கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்துறீங்க?"

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டில் சேர்ந்துகொண்டார். எனக்குள் தைத்திருந்ததும் அங்கேயே கழன்று விழுந்தது.

உனக்குக் கல்லறை இல்லை, உன்னைக் கடலில் கரைத்துவிட்டோம். பரவாயில்லை, வரும் கல்லறைத் திருநாளில் என் வீட்டுக்காரர் கல்லறையில் உனக்கும் ஒரு மெழுகுவர்த்தி எரியும். அன்றைய பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது வாசிக்கச் சொல்லி, உன் முழுப் பெயரையும் சாமியாரிடம் கொடுப்பேன். நான் இருக்கும்வரை வருஷா வருஷம் கொடுப்பேன், இது சத்தியம். மைக்கில் வாசிக்கட்டும். ஸ்டெல்லா அக்கா எப்போதும் முன் வரிசையில்தான் உட்காருவார்.

உன் கூடப் பிறக்காத பூக்கடை அக்கா,
ஆரோக்கியமேரி