பெயர் வெட்டாத கத்தி

சகாய், ஓசாகா
மார்ச் 24, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஷிங்கோவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை, வேளைக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது. நலம் என்பதற்கு இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். நீயும் அந்த அளவுக்காவது இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே பிளம் பூத்து உதிர்ந்துவிட்டது. செர்ரிக்கு இன்னும் ஒரு வாரம் என்கிறார்கள். லிமாவில் கோடை முடிந்திருக்கும்.

இந்தப் பெட்டியில் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று நீ கேட்டது. அதை எடுப்பதற்கு முன் கடிதத்தைப் படித்து முடித்துவிடு. நீ கேட்டது ஒரே ஒரு பொருள், அதை நான் கெடுத்துவிட்டேன்.

எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். அப்பா இறந்த அன்று, இறுதிச் சடங்கு நிறுவனத்து ஆள் நெஞ்சின் மேல் வைக்கும் காவல் கத்தியைக் கொண்டுவந்தார். ஜரிகை உறைக்குள் ஒரு மரக்கத்தி. எல்லா வீட்டிலும் இப்போது அதுதான். யோனே அத்தை அதைக் கையில் வாங்கி, உறையை உருவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அம்பது வருஷம் கத்தி பிடிச்ச மனுஷனுக்கு பொம்மைக் கத்தியா? கெட்டது ஏதாவது வந்தா எங்கண்ணன் இத வச்சு என்ன பண்ணுவான், முதுகு சொறிவானா?" என்றாள். அந்த ஆள்கூடச் சிரித்துவிட்டார். அத்தை சிரித்த கையோடு அழவும் செய்தாள். நான் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் அப்பாவின் மீன் அரியும் நீளக் கத்தியை, பச்சை மீன் அரிந்து பரிமாறும் நம் கடையிலிருந்து எடுத்து வந்தேன். புது வெள்ளைத் துணியில் சுற்றி, முனை கால்பக்கம் பார்க்க அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். உடலைச் சுற்றி உலர்பனி. இரண்டு நாள். தகன மேடைக்குள் உலோகம் போகக் கூடாது என்பதால், மூடியை மூடுவதற்கு முன் யாரோ அதை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். துணி குளிர்ந்திருந்தது. குளிர்ந்த பொருள் வெளியே வந்தால் அதன் மேல் ஈரம் கட்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் மாநகராட்சிக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். இரும்பையும் ஈரத்தையும் பற்றிப் படித்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அஸ்தியோடு கத்தியும் நாற்பத்தொன்பது நாள் இருக்க வேண்டும், நடுவில் பிரிக்கக் கூடாது என்றாள் அத்தை. நான் இதையெல்லாம் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் பிரிக்கவில்லை. பிரித்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும். ஒரு வழக்கம் எனக்குப் பதிலாக அதைத் தீர்மானித்தது சௌகரியமாக இருந்தது. உன் கடிதம் பிப்ரவரி நடுவில் வந்தபோது கத்தி அஸ்திக்குப் பக்கத்தில் அந்த ஈரத் துணிக்குள்தான் இருந்தது. "அப்பாவின் கத்தியை மட்டும் எனக்கு அனுப்பு. வேறெதுவும் வேண்டாம்." அந்த இரண்டு வரியைப் படித்த பிறகும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு பிரித்தேன். துணி கத்தியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்தபோது ஓவியம் மாதிரி துருவின் அச்சு துணியில் வந்தது. அத்தை சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டதெல்லாம் அது வாங்கிக்கிச்சுடி. அதான்" என்றாள். நான் அவளோடு வாதாடவில்லை. அவளுக்கு எழுபத்து நான்கு வயது, அப்படி நம்பினால் அவளுக்குத் தூக்கம் வரும்.

மற்றச் செய்திகள் கொஞ்சம். கடையின் குளிர்பெட்டியை ஒருவர் எடுத்துக்கொண்டார். எட்டு நாற்காலிகளும் அப்படியே இருக்கின்றன. மீன் சந்தை வியாபாரியிடமிருந்து சனிக்கிழமை காலையில் இன்னமும் போன் வருகிறது. "தலைவரே, இன்னைக்கு சங்கரா கண்ணு பளபளன்னு இருக்கு" என்று தொடங்கி, என் குரலைக் கேட்டதும் நினைவு வந்து மன்னிப்புக் கேட்கிறார். போன வாரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "உங்களுக்காவது ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?" என்றார். சரி என்றேன். வாங்கிவந்து குழம்பு வைத்தேன். அரிய எனக்குத் தெரியாது.

நேற்றுக் காலை ட்ராமில் போய், அப்பா வழக்கமாகக் கத்தி வாங்கும் கடையில் இறங்கினேன். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது ஒகுனோ என்ற அம்மாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம். பிடி மாட்டுவதும் கடைசிச் சாணை பிடிப்பதும் அவரேதான். அப்பாவின் கத்தியை மேசையில் வைத்தேன். முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்ததும், "இத எந்த மகாராசன் பண்ணினான்?" என்றார். நான்தான் என்றேன். "ஓ. ஹோத்தா வீட்டுப் பொண்ணா. அந்தப் படிச்ச பொண்ணா" என்றார். அதற்குள் எல்லாம் அடங்கியிருந்தது.

முன்பக்கம் மென்மையான தேனிரும்பு, அதில் துரு எவ்வளவு தின்றாலும் தேய்த்துவிடலாமாம். வெட்டும் உருக்கு பின்பக்கத்தில் மெல்லிய தகடாக இருக்கிறது. அப்பா வருடக்கணக்காகச் சாணை பிடித்ததில் அது ஏற்கனவே மெலிந்துவிட்டது. அதில் விழுந்த குழிகளை எடுக்கப் போனால் உருக்கே மிஞ்சாது, மிஞ்சினாலும் அது பழம் சீவத்தான் ஆகும் என்றார். "பளபளன்னு ஆக்கித் தரேன், சட்டம் போட்டு மாட்டிக்கலாம். வெட்டாது" என்றார். வேண்டாம் என்றேன். அது உன்னுடையது. தேய்ப்பதா, மாட்டுவதா, பசிபிக்கில் எறிவதா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ அதை எதற்குக் கேட்டாய் என்றே எனக்குத் தெரியவில்லை. மேலே எண்ணெய் மட்டும் தடவிக் கொடுத்தார்.

பிறகு, தம்பிக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்றேன். வீட்டுக்கா தொழிலுக்கா என்று கேட்டார். தொழிலுக்கு. என்ன நீளம் என்றார். அப்பாவுடையது புதிதில் இருந்த நீளம் என்றேன். எந்தக் கை என்றார்.

ஷிங்கோ, எனக்குத் தெரியவில்லை.

நீ பிறவியில் இடது கை. கடையில் பதினொரு வருடம் அப்பா உன்னை வலது கையால் அரிய வைத்தார். அங்கே போன பிறகு இந்தப் பத்தொன்பது வருடத்தில் எந்தக் கையால் அரிகிறாய் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. தெரியாது என்று ஒகுனோ அம்மாளிடம் சொன்னேன். "கூடப் பொறந்த தம்பின்னீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "இது வீட்டுக் கத்தி மாதிரி ரெண்டு பக்கமும் சரிவு இல்லீங்க. கை மாறினா மீனுக்குள்ள நேரா எறங்காது, பக்கவாட்டுல ஓடும். போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க, நான் எங்கயும் போகல" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு. நீ கையில் கத்தியோடுதான் நின்றிருப்பாய். போன் செய்திருந்தால் துருவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். செய்யவில்லை.

அந்த பெஞ்சில் எனக்கு நினைவு வந்தது நீ கடையை விட்டுப் போன அந்தச் சனிக்கிழமை. எண்ணெய் தெறித்து உன் வலது மணிக்கட்டு வெந்திருந்தது. நீ வீட்டுக் கத்தியை எடுத்து இடது கையால் அரிந்து வைத்தாய். துண்டுகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அப்பா திட்டவில்லை. எட்டுப் பேர் பார்க்க, சாப்பிடத் தொடங்கியவரின் முன்னாலிருந்து தட்டைத் திரும்ப எடுத்து, மீனைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக அரிந்து வைத்தார். "மன்னிக்கணும், பையன் வெளையாடிட்டான்" என்றார். உனக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்று நான் உதவிக்கு வந்து தொட்டியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. குழாயை நிறுத்தவில்லை. நீ மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு என் முதுகுப்பக்கமாகத்தான் வெளியே போனாய். நான் திரும்பவில்லை. கழுவ வேண்டியது நிறைய இருந்தது என்று அப்போது நினைத்தேன்.

உன் கடிதம் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன், சோதனைக்கூடத்தில் தண்ணீர் மாதிரியைப் பார்ப்பதுபோல. உறையின் மேல் முகவரியை ரோமன் எழுத்தில், இடமிருந்து வலமாக எழுதியிருக்கிறாய். ஓசாகா என்பதிலிருந்து கடைசிவரை மை இழுபட்டிருக்கிறது, ஈர எழுத்தின் மேல் கை போனதுபோல. உள்ளே நம் எழுத்து, மேலிருந்து கீழாக, வரிகள் வலமிருந்து இடமாக. அதில் ஒரு கறைகூட இல்லை. வலது கைக்காரர் எழுதியிருந்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். உறை சுத்தமாகவும் உள்ளே கறையாகவும். இரண்டு சான்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. இரண்டு போதாது என்று எனக்குத் தெரியும். எழுதும் கையும் அரியும் கையும் வேறாக இருக்கலாம். ஆனாலும் உள்ளே போய் இடது கை என்று சொன்னேன்.

கடையில் இடக்கைக் கத்தி மூன்றுதான் இருந்தன. ஒன்று துருப்பிடிக்காத வகை. நான் அதைத்தான் கேட்டேன். ஒகுனோ அம்மாள், "இதுவும் நல்லதுதான், ஆனா கல்லுல ஏறாது, வழுக்கும். அவர் தெனமும் தீட்டுறவர்தானே? துருன்னா உங்களுக்குப் பயம். கத்தி உங்களுக்கா, அவருக்கா?" என்றார். உனக்கு என்றேன். மற்ற இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். முதுகு வழியாக ஒரு கண்ணால் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், நேராக இருக்கிறதா என்று. குழிந்த பின்பக்கத்தைச் சமக்கல்லில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் ஓரம் முழுக்க மெல்லிய பளபளப்புக் கோடு விழ வேண்டும். இரண்டாவதில் நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கோடு விட்டுப்போயிருந்தது. சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்த ஈரத் துணிதான் தெரியலையாக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜனவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஆகவே மூன்றாவதை எடுத்தேன். மக்னோலியா மரப் பிடி, எருமைக் கொம்புப் பூண். பிடியின் விளிம்பும் இடது விரல்களுக்காகச் செதுக்கியது. நான் பிடித்துப் பார்த்தேன், என் கைக்கு உறுத்தியது. அது நல்ல அடையாளமாம்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அப்பா எப்போதாவது இடக்கைக் கத்தியைப் பற்றிக் கேட்டதுண்டா என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். "சாணைக்கல்லு கேப்பார். வெலை சொன்னா என்னத் திருடிம்பார். இடக்கைக் கத்தி கேட்டதில்லீங்க" என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு, "கேட்டார்னு வேணா தம்பிக்கு எழுதிக்கோங்க. நான் இல்லேன்னு சொல்லப் போறதில்ல" என்றார். திரும்பி வரும்போது ட்ராமில் அதை எழுதிப் பார்த்தேன், மனதுக்குள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை, ஷிங்கோ. நானும் கேட்கவில்லை. அந்த வீட்டில் உன் கைக்கென்று ஒரு கத்தி இருந்ததே இல்லை. அதை அனுப்ப நாற்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது, அனுப்புவது நான் மட்டும்தான்.

அப்பாவின் கத்தியில் நம் கடையின் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். புதியதிலும் வெட்டவா என்று ஒகுனோ அம்மாள் சிற்றுளியை எடுத்தார். ஹோத்தா என்று வெட்டச் சொல்ல வாய் வரவில்லை. உன் பெயரை வெட்டச் சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. வெறுமையாக விடுங்கள் என்றேன். "எந்தப் பேருன்னு அவரே முடிவு பண்ணட்டும். எப்பக் கொண்டு வந்தாலும் வெட்டித் தரேன், காசு வேண்டாம். ஆனா நேர்ல வரணும். ஆளைப் பாக்காம நான் பேர் வெட்டுறதில்ல" என்றார். கடை செவ்வாய் விடுமுறை.

அஸ்தி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. "நாப்பத்தொம்போது முடிஞ்சாச்சு, மண்ணுல வைக்காம யாருக்குடி காத்துட்டிருக்க?" என்று அத்தை போனில் கேட்டாள். ஆகஸ்டில் நீத்தார் நாட்கள் வரை வைக்கலாம் என்று கோயிலில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேலும் வைக்கலாம். பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், அது கெட்டுப்போகாது. என்னால் இன்னொன்றைக் கெடுக்க முடியாது என்பது ஓர் ஆறுதல்.

மாடியில் உன் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கிறது.

கத்தியைக் கழுவியதும் அப்போதே துடைத்துவிடு. துணியில் சுற்றி வைக்காதே. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள், அடியில் போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

உன் இரண்டு கையும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சகியே