நல்லதும்மா, அப்படியே செய்

திங்கள், மதிய இடைவேளை

என்றும் என் பிரியத்துக்குரிய வாயாடிக்கு,

உன் நெட்டை எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும் என்று தினமும் காலைச் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மடத்தில் எல்லோரும் சுகம். மதருக்கு மட்டும் மூட்டுவலி. ஆனாலும் மாடியேறி வந்து ஒவ்வொரு வகுப்பையும் எட்டிப்பார்க்காமல் இருக்கமாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை மடத்தில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ துறவறத்துக்கான கடைசி வார்த்தைப்பாடு கொடுக்காமல் மடத்தை விட்டு வெளியே போய் முப்பது வருஷமாகிறது. அதனாலேயே உன்னிடம் சொல்லத் துணிந்தேன்.

எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

முழுச் செவிடு என்று பதறிவிடாதே. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. சாமியாருடைய பிரசங்கம் பாதியாவது வந்து சேருகிறது. பெண்களின் குரலும் பிள்ளைகளின் குரலும்தான் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல வருகின்றன. பல்லுக்குக் காட்டப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஒரு காது டாக்டரிடம் போனேன். நரம்பு பலவீனம், கருவி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம், முதலில் உங்கள் மடத்தில் சொல்லுங்கள் என்றார். அந்தச் சீட்டை மடித்து அல்ஜீப்ரா புத்தகத்துக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அறிவியல் சிஸ்டருக்குக் கண் மங்கியபோது அவரை வகுப்பிலிருந்து எடுத்து, பீடத்துக்குப் பூ வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். எனக்குப் பூவைப் பற்றி என்னடி தெரியும்? முப்பத்து மூன்று வருஷமாக நான் செய்தது ஒன்றே ஒன்று. கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அதனால் சாமர்த்தியமாகச் சமாளித்தேன். வாயசைவு தெரிய வேண்டும் என்று பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டேன். பதிலை வாயால் சொல்லாதீர்கள், போர்டில் வந்து எழுதுங்கள் என்றேன். பார்வையிட வந்த கல்வி அதிகாரி, "சிஸ்டர், இது ரொம்ப நவீனமான முறை, மத்தப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்றேன்" என்று குறிப்பேட்டில் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்! மணி அடித்ததா என்று தெரிந்துகொள்ள வராந்தாவில் ஓடும் கால்களைப் பார்ப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டல், புன்னகை, "நல்லது", "ஆகட்டும்". சிஸ்டருக்குத்தான் எவ்வளவு பொறுமை என்று எனக்கு நல்ல பெயர் வேறு.

இப்போது என்னைத் தூங்கவிடாத செய்தி. பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். சுருட்டை முடி, அதனால் வகுப்பே அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடும். கணக்கில் முதல் மாணவி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கணக்கு வரவில்லை என்றால் அதை விட்டு எழுந்திருக்கமாட்டாள். பதினோரு நாளைக்கு முன், ஒரு வியாழக்கிழமை, பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நான் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தரையைப் பார்த்தபடி, பின்னல் நுனியைப் பற்களில் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். என் காதில் விழுந்தது இரண்டே வார்த்தைகள்: "அம்மா", "திங்கட்கிழமை". அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒருநாள் லீவு கேட்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். "நல்லதும்மா, அப்படியே செய். ஆண்டவர் உன்கூட இருப்பார்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. திட்டு வாங்கியவள் போலவும் இல்லை, லீவு கிடைத்தவள் போலவும் இல்லை. போய்விட்டாள். திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன். "உங்களுக்கே தெரியுமாமே சிஸ்டர்? உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்னு சொன்னா" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாம், ஆமாம், தெரியும்" என்றேன். அதற்கப்புறம் என்ன என்று யாரைக் கேட்பது? கிளார்க் அவள் வீட்டு எண்ணுக்கு ஃபோன் போட்டார், அணைத்து வைத்திருக்கிறார்களாம்.

கல்யாணம் பேசியிருப்பார்களோ? வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லியிருப்பாளோ? அதைவிட மோசமான ஒன்றைச் சொல்லியிருந்தால்? அவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன், கணக்கைத் தவிர ஒரு வரியும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமையோடு பொதுத்தேர்வு விண்ணப்பம் முடிகிறது. அவளுடையது மட்டும் கையெழுத்தில்லாமல் என் மேசையில் கிடக்கிறது.

நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். எனக்காக மாதாவிடம் ஒரு மங்கள வார்த்தைச் செபம் சொல்லு.

உன்,
நெட்டை


ஞாயிறு, பிற்பகல்

என் அன்பான வாயாடிக்கு,

முதல் கடிதம் இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. ஆனாலும் அதை அப்படியே விட்டுவைக்க மனமில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாயன்று பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் தேடிப் போனேன். மாடியில் ஒற்றை அறை, பூட்டியிருந்தது. கீழே துணி தேய்க்கும் அம்மா ஒருவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி என்னென்னவோ சொன்னார். பழக்கதோஷம், நானும் தலையாட்டிவிட்டுத் திரும்பி நாலு எட்டு வைத்தேன். சட்டென்று கால் நின்றுவிட்டது. மறுபடியும் அதையேதானே செய்கிறேன்? திரும்பிப் போய், "எனக்குக் காது கேக்காதும்மா, எழுதிக் காட்டுறீங்களா?" என்றேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அதைச் சொன்னது முன்பின் தெரியாத ஒருவரிடம்!

"அட, இத முதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. துணிக்கு அடையாளம் போடும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.

அந்த மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று கேட்காதே. கட்டில் கட்டிலாகச் சுருட்டை முடியைத் தேடிக்கொண்டு போனேன். படுத்திருந்தது அவள் இல்லை, அவளுடைய அம்மா. ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்கிறவர். முதுகெலும்பில் ஆபரேஷன். இவரும் மகளும் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் மிஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் அந்தப் பிள்ளை என் வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டு அம்மா இடத்துக்கு நான் போகட்டுமா, நீங்கள் வேண்டாம் என்றால் போகவில்லை என்று.

நீங்கள் வேண்டாம் என்றால் போகவில்லை.

அதற்கு நான் சொன்ன பதில் உனக்குத் தெரியும்.

இதோடு முடியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்து, வாயை நன்றாகத் திறந்து நிதானமாகச் சொன்னார்: "அவ என் பேச்சக் கேக்க மாட்டேன்னுட்டா சிஸ்டர். நீங்க கண்டிப்பா வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் நானே உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னேன்." என்மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை. சிஸ்டரே சொன்ன பிறகு அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருக்கிறார்.

நான் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, இரண்டாம் தடவை சொன்னேன். பிறகு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாலையில் ஷிப்டு முடிந்து பிள்ளை வந்தாள், தலையெல்லாம் நூல்தூசி. அவளிடமும் சொன்னேன். அவள் அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் அழவில்லை. என் முகத்துக்கு நேரே வந்து நின்று, "காது கேக்கலன்னு அப்பவே சொல்லியிருந்தா நான் உரக்கச் சொல்லியிருப்பேனே சிஸ்டர். மூணு நாள் யோசிச்சு, ஒரு தடவதான் என்னால சொல்ல முடிஞ்சுது" என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

புதன் காலை பூசை முடிந்ததும் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு மதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்க்கவில்லை, அவரும் தேற்றவில்லை. "பிள்ளைங்க வாழ்க்கையோட விளையாடியிருக்கீங்க சிஸ்டர்" என்றார். அன்றைக்கே வகுப்பை இளைய சிஸ்டர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னார். ஆனால் அந்த மூட்டுவலிக் காலோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஆடைக் கம்பெனிக்கு வந்தார். மேலாளர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. என்ன பேசினார் என்று எனக்குப் பாதிகூடத் தெரியாது. மேலாளர் வியர்வையைத் துடைத்ததை மட்டும் பார்த்தேன்.

முடிவு இதுதான். அம்மா எழுந்து நடக்கும்வரை மிஷினில் வேறு ஆளை உட்கார வைக்கமாட்டார்கள். பிள்ளைக்கு மதியத்துக்கு மேல் மட்டும் வேலை, காலையில் பள்ளி. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்று ஒரு பிள்ளை எப்படித் தேறுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, கிளார்க் பீரோவைப் பூட்டப் போகும் நேரத்தில் வந்து கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்க்காமலே போட்டாள்.

இப்போது மாலைகளில் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவள் வரும்வரை அம்மாவுக்குத் துணை. வந்த பிறகு, அவளுக்கு விட்டுப்போன பாடம். சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். காது கேட்காதவளுக்குக் கண்ணும் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன்! கணக்கைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

எனக்குக் கருவிக்கு அளவெடுத்திருக்கிறார்கள். அது வந்த பிறகு என்னை வகுப்புக்குள் விடுவார்களா, பூ வைக்கச் சொல்வார்களா என்று தெரியாது. கேட்கவும் பயமாயிருக்கிறது.

வாயாடி, இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் நீ ஃபோன் செய்தாயே, கால் மணி நேரம் பேசினாய். அன்றைக்கு நீ சொன்ன எதுவுமே எனக்குக் கேட்கவில்லை. உன் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது என்பது மட்டும் தெரிந்தது. நான் "ரொம்ப நல்லது", "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நீ சட்டென்று ஃபோனை வைத்துவிட்டாய். அதன்பின் நீ கூப்பிடவே இல்லை. உனக்கு வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்னடி சொன்னாய் அன்றைக்கு? எதற்கு நான் "ரொம்ப நல்லது" என்றேன்? உன் வீட்டுக்காரர் சுகமா? நீ சுகமா?

திட்டித்தான் எழுதுவாய் என்றாலும் எழுது. ஒரே ஒரு வரியானாலும் எழுது. ஆண்டவர் உன்னைத் தனியாக விட்டிருக்கமாட்டார். நான்தான் விட்டுவிட்டேன். தபால்காரர் வரும் நேரத்தில் கேட்டருகே நிற்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
நெட்டை