பாட்டுக் கேட்டதால் நீ சாகவில்லை

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அலமாரியை ஒழித்தபோது உன் சிடி கையில் வந்தது. அட்டை முழுக்கக் கிதாரும் கையுமாக ஒல்லி ஒல்லியான இங்கிலாந்துப் பையன்கள். அறுபதுகளில் அவர்கள் வாசித்த ப்ளூஸ் ராக் பாட்டுகளைத் திரட்டிப் போட்டது. சென்ட்ரல் பக்கத்துப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து, இரும்பு ஆலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போட்டுக் காட்டினாயே, அதுதான். பார்த்ததும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"இன்னாய்யா இது, வயித்துவலிக்காரன் கத்தற மாதிரி கீது" என்றேன் அன்றைக்கு. நீ சிரித்தாய். "அமெரிக்காவுல பருத்திக் காட்டுல மாடா உழைச்ச கறுப்பு ஜனங்க பாட்டு இது. அத கேட்டுத்தான் இந்தப் பசங்க கிதார்ல புட்ச்சிக்கினானுங்க."

பாட்டு அவர்களுடையது, பேர் மட்டும் இவர்களுக்கா என்று சண்டைக்கு வந்தேன். "நீ கேக்கறதும் நியாயம்தான். ஆனா அந்தக் கம்பி அழுவுறத கேளு" என்றாய். கேட்கக் கேட்க எனக்கும் பிடித்துப்போனது. உன் போனிலும் ஏற்றிக்கொண்டாய்.

அந்தப் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போன காலையில்தான், கிரேனிலிருந்து கம்பிக் கட்டு உன்மேல் விழுந்தது. உன் பாட்டைப் போட்டுவிட்டு நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் கம்பெனி அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "காதுல ஹெட்போன் மாட்டிக்கினு பாட்டு கேட்டுக்கினு இருந்தாரும்மா. சைரன் அடிச்சது அவர் காதுல வுழல" என்றார். உன் அண்ணனும் ஆமாம் போட்டார். "அப்பவே சொன்னேன், இந்த கிதாரு பைத்தியம் வேணாம்னு."

காலில் ஒட்டிய கல்லறை மண்ணைக்கூட நான் இன்னும் கழுவியிருக்கவில்லை.

"சார், அவர் போனு இங்கதான் இருந்துச்சு. பாட்டு கேட்டது நான். சைரன் ரொம்ப நாளா ரிப்பேருன்னு அதுக்கு முந்தின நாளு சோறு துன்னும்போதுகூட சொன்னாரு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். மறுவாரமே, நீ வேறு யாருடைய போனிலோ பாட்டுக் கேட்டாய் என்று கதையை மாற்றினார்கள்.

திருவள்ளூருக்கு அரசாங்க விசாரணைக்குப் போனபோதெல்லாம் அதையே சொன்னேன். உன்னோடு வேலை செய்த ஒடிசாக்காரர் ஒருவர்தான் துணிந்து வந்து, அரைகுறைத் தமிழில் "சைரன் அடிக்கல சார்" என்றார். அதற்குப் பிறகு அவரை ஆலைக்குள் விடவில்லை. கடைசியில், விசாரணை அறிக்கையில் தவறு உன்னுடையதல்ல என்று எழுதினார்கள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை எவன் வாயிலிருந்தும் வரவில்லை. உன் அண்ணன் வாயிலிருந்தும்தான்.

மன்னித்துவிடு என்கிறார்கள் சபையில். கேட்டுக்கொண்டு வருகிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் வேறொரு ஆலையில் மெஷினில் சிக்கிச் செத்துப்போனார். குடித்திருந்தார் என்று பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். பஸ் பிடித்துப் போனேன். முன்பின் தெரியாத அவர் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கம்பெனிலருந்து வருவாங்கம்மா. அவங்க இன்னா சொன்னாலும் சரின்னு சொல்லாத."

அவர்கள் வரும்வரை அவளை விட்டு நகரவில்லை.