சாமி இறங்கிய ஆட்டுத் தலை

இன்று காலை பேரளி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. செம்மறி மந்தை ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார், கண்டக்டர் படிக்கட்டில் நின்று கத்தினார். ஆடுகளுக்கு என்ன அவசரம்? எல்லாம் கடந்த பிறகும் ஒரு குட்டி மட்டும் ரோட்டோரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு இடது பக்கமாகவே சுற்றியது. செக்குமாடு மாதிரி, அதே இடத்தில், சுற்றிச் சுற்றி. அரியலூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தவன், எழுந்து இறங்கிவிட்டேன்.

ஆட்டுக்காரர் நடுவயசு ஆள். அவரிடம் போய், "இந்த ஆட்டை அறுத்தா தலைய என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா சார், ஆடு உசுரோட நிக்கிது, நீங்க தலயக் கேக்குறீங்க?" என்றார். நியாயம்தான். தலையை நாய்க்குப் போடாதீர்கள், ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்து போனார். அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த ஒரு மணி நேரமும் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஐந்தாவது வரைக்கும் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. பிறகு நீ உன் அப்பாவின் ஆடுகளோடு போனாய், நான் படித்து மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஆனேன். வாலிகண்டபுரம் பக்கம், நம் ஊருக்கே மாற்றல் கிடைத்து வந்தபோது பெரம்பலூர் தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாலு பேர் இருந்தால் நீ என்னை, "வாங்க சார், உக்காருங்க சார்" என்பாய். அவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், "என்னடா, ஊசி போட்டே ஒரு மாட்ட முடிச்சிட்டியாமே?" என்று ஆரம்பிப்பாய். அந்த 'டா'வைக் கேட்கத்தான் சாயங்காலமானால் சைக்கிளை உன் ஆட்டுப் பட்டிக்கு மிதிப்பேன். உன் நாய் கருவாயன் என்னைக் கண்டதும் குரைக்கும். "ஊசி வாடை அடிக்கிதுடா ஒம்மேல, அது என்னா செய்யும்?" என்பாய். உன் தூக்குச் சோற்றில் பாதி உனக்கு, பாதி அந்த நாய்க்கு.

அந்த வருஷம் நம் ஊர் மந்தைகளில் ஆடுகள் சுற்ற ஆரம்பித்தன. உன் பட்டியில் நாலு. மற்றவர்கள் பட்டிகளிலும் அப்படித்தான். ஊரில் அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. சுற்றுகிற ஆட்டின் மேல் சாமி இறங்கியிருக்கிறது, அது எல்லையில் நிற்கிற கருப்பசாமி கேட்கிற ஆடு என்பதுதான் பேச்சு. கோயிலுக்கு இழுத்துப் போய் வெட்டுவார்கள். கறியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தலையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். சாமி இறங்கிய தலை, மனுஷன் தின்னக்கூடாதாம். கோயிலுக்குப் பின்னால் வீசிவிட்டு வருவார்கள். அதை நாய்கள் தின்னும், கருவாயனும் தின்னும்.

எங்கள் டாக்டர் அப்படி ஒரு தலையைக் கேட்டு வாங்கி வந்து மருந்தகத்தில் அறுத்தார். நான்தான் பிடித்துக்கொண்டேன். மூளைக்குள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நீர்ப்பை. அதன் தோலில் ரவையைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவோட தலைப்பா" என்றார். அந்தத் தலையை நாய் தின்றால் அதன் குடலில் புழு வளரும், முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் புல்லில் விழும், புல்லைத் தின்கிற ஆட்டின் மூளைக்குப் போய்ப் பையாக ஊறும், பிறகு அந்த ஆடு சுற்றும். நிதானமாகச் சொன்னார். "தலையைப் புதைக்கச் சொல்லு. நாய்க்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மாத்திரை குடு. அவ்வளவுதான், நாயக் கொல்ல வேண்டிய அவசியம் இல்ல" என்றும் சொன்னார். என் காதால் கேட்டேன்.

கேட்ட விஷயத்தை வைத்துக்கொண்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் ஆடு வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கோயில் பூசாரியும் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "ஏன் சார் ஆடு இப்புடிச் சுத்துது?" என்று ஒருவர் கேட்டார். நான் பெரிய மனுஷனாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லாம் நாயால வர்றது. மந்தையில திரியிற நாய்தான் காரணம்" என்றேன். "அப்ப அந்தக் கருவாயன்தான்" என்றார் இன்னொருவர். பூசாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் வீசுகிற தலைதான் காரணம் என்கிற மீதிப் பாதி நாக்கு நுனி வரை வந்தது. சாமி காரியத்தில் வாய் கொடுத்தால் அந்த ஊரில் நான் வேலை பார்க்க முடியாது என்று பயந்தேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாளே கருவாயன் செத்தது. பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கறியில் தடவி வைத்திருக்கிறார்கள். வேலங்காட்டிலிருந்து வாயில் நுரையோடு பட்டி வரைக்கும் நடந்து வந்து உன் காலடியில் விழுந்ததாம். மருந்தகத்துக்கு வந்தவர்கள்தான் சொன்னார்கள். உடனே ஓடி வந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள்தான் வந்தேன். பூலாம்பாடி பக்கம் தடுப்பூசி கேம்ப் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

நீ கிடைக்கு மூங்கில் தட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார்" என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். "எவனோ நாய்தான் காரணம்னு சொல்லியிருக்கான் சார்" என்றாய். "அப்படியா? யாரது?" என்று கேட்டேன். அட, எப்படித்தான் கேட்டேனோ! நீ கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கினாய்.

நாய் போனது, ஆடுகள் சுற்றுவது நிற்கவில்லை. நீயே டாக்டரிடம் போய் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். அடுத்த ஆட்டை வெட்டிய அன்று தலையைத் தூக்கிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்க, இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தாய். "சாமி தலைய மண்ணுல போட்டு மூடுறியே, வெளங்குவியாடா நீ?" என்று பூசாரி குதித்தார். "சாமிக்கு ஆடு வேணுமின்னா நல்ல ஆடாக் கேக்கட்டும். சீக்கு ஆட்டக் குடுத்துட்டு நாம கறி திங்கிறோமே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்றாய். சம்பளம் வாங்குகிற நான் சொல்ல வேண்டியதை, ஐந்தாவதோடு நின்றுவிட்ட நீ சொன்னாய். கூட்டத்தின் பின்வரிசையில் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு செவலை நாய்க்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தாய். "இதுக்குப் பூச்சி மாத்திரை குடுங்க சார். மெதுவாப் பேசிக் குடுங்க, டீக்கடைக்குக் கேட்டுறப் போவுது" என்றாய். உனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரியாதவன் மாதிரி மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்தாய். சிரித்துத்தான் பேசினாய், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாய், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து அனுப்பினாய். 'டா' மட்டும் வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். நீ நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

போன மாசி மாதம் நெஞ்சுவலி என்று உன்னைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஓடி வந்து பார்த்தேன். மூக்கில் டியூப். கையைப் பிடித்துக்கொண்டேன். "நேரமாச்சு, பஸ்ஸப் புடிங்க சார்" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் உன் மனைவி செவலையை இழுத்துக்கொண்டு வந்தார். "மாத்திர நாளு வந்துருச்சுண்ணே" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "தங்கச்சி, அன்னைக்கு டீக்கடையில சொன்னது நான்தாம்மா. என் வாயாலதான் கருவாயன் செத்துச்சு" என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் நாயின் வாயைப் பிளந்து பிடித்தபடியே நின்றார்.

"அது அன்னைக்கே தெரியும்ணே. டீக்கடைக்காரரே வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. 'அவன் வருவான், அவனே வந்து சொல்லுவான் பாரு'ன்னு இவரு வாசல்லயே கெடந்தாரு. ரெண்டு நாளு பாத்தாரு. அப்பறம் விட்டுட்டாரு. நீங்க மாத்திரயப் போடுங்க."

ரெண்டே நாள்தானாடா? இத்தனை வருஷமாக உன் முகத்தைப் பார்க்கப் பயந்து செத்தேனே, அந்த இரண்டு நாளில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமா? கேம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் மருந்தகத்தில்தான் இருந்தேன். வேலை ஒன்றுமில்லாமல் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் உன் வீட்டு வாசல் தெரியும்.