சுருங்குவதற்கு விட்ட இடம்

போனை எடுக்காத என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் வரைந்து வைத்துவிட்டுப் போன வெப்பப் பரிமாற்றியை இன்று காலை சோதித்தோம். ஹைட்ரஜனைத் திரவமாகும்வரை குளிர வைக்கப்போவது அதுதானே. போன தடவை போலவே முதலில் திரவ நைட்ரஜனை விட்டோம்.

போன தடவை பற்றவைப்பில் விரிசல் விட்டதற்கு உங்களை யாரும் குறை சொல்லவில்லை. நீங்களேதான் உங்களைக் குறை சொல்லிக்கொண்டு வேலந்தாவளத்தில் உங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

குளிரில் குழாய் சுருங்கும், அதற்கு இடம் விட வேண்டும் என்று போவதற்கு முன் புதிதாக ஒரு வளைவு போட்டிருந்தீர்கள் அல்லவா? அது தாங்கியது. கசிவு காட்டும் கருவி வாயே திறக்கவில்லை.

"ஏனுங்க மேடம், மெசின் ஓடுதுங்களா? சத்தமே காணமுங்க!" என்று டெக்னீசியன் சந்துரு அதைத் தட்டிப் பார்த்தான்.

உடனே மாமாவுக்குப் போன் செய்து, சோதனை முடிந்தது என்றேன். "அவன் தோப்புக்குப் போயிட்டான் கண்ணு" என்றார், வழக்கம்போல. அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "கசிஞ்சுதான்னு கேளுங்கப்பா" என்றது. மாமா பாவம், பதறிப்போய் இருமினார். நான் பதில் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது. சிரித்தேன். பிறகு ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். கசியவில்லைங்க. கொஞ்சம்கூட இல்லை.

இங்கே எல்லோரும் நலம். சோறுதான் தினமும் மிஞ்சுகிறது, அதை விடுங்கள். அடுத்த வாரம் ஹைட்ரஜனையே விடப்போகிறோம். வால்வைத் திறக்கும் வேலைக்கு இன்னும் யாரையும் சொல்லவில்லை.

உங்கள் தலைக்கவசத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏலப்பாறைக்காரி