கியர்க் கம்பியில் கொடிக்கயிறு

என்னங்க,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். துணி காயப்போடும் கொடிக்கயிற்றைத் திருடிவிட்டதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டு மித்ரா தீதியோடு நேற்று சண்டை போட்டேன். இன்று பார்த்தால், அதைக் கொண்டு உங்கள் ஜீப்பில் கியர்க் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள்! கியர் தானாக நழுவுகிறதா? மரைன் ஹில் இறக்கத்தில் நழுவினால் வண்டி கடலில் அல்லவா போய் நிற்கும்? பழுதென்றால் ஏன் ஓட்டுகிறீர்கள்? பழுதில்லை என்றால் ஏன் கட்டினீர்கள்? ஒன்றுமே புரியவில்லை. நம் பிள்ளைகளையும் அதில்தானே பள்ளியிலிருந்து கூட்டி வருகிறீர்கள்?

ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன்.

இந்திராணி

பி.கு.: தீதியிடம் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். எனக்கு ஹிந்தியில் சண்டை மட்டும்தான் வருகிறது.

இன்னொன்று: மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் புதுக் கியர்ச் சாமான் வரும்வரை சாவி கிடையாது. கோபம் வந்தால் ஆஸ்பத்திரிக்கே வந்து திட்டுங்கள். நடந்து வாருங்கள்.