அந்த டப்பாவில் இருந்தது என்னுடையது அல்ல

கோமதி அம்மன் துணை

சங்கரன்கோவில்,
ஆவணி 9, திங்கட்கிழமை.

அன்பு மகள் சங்கரேஸ்வரிக்கு அப்பா மூக்காண்டி ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், அம்மா, பூமாரி மூவரும் சுகம், கல்கத்தாவில் நீயும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம். இப்படிச் சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே கூசிவிட்டது, சுகம் என்பதை அடிச்சிரு என்று உன் தங்கையிடம் சொன்னேன், கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அவள் மறுத்துவிட்டாள், அதனால் அம்மாவும் பூமாரியும் சுகம் என்று மட்டும் எடுத்துக்கொள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுத்ததில் இருந்து என் பேச்சு அவளுக்கு ஆகவில்லை, நான் ஒன்று சொன்னால் அதைப் புத்தகத் தமிழாக்கித்தான் தாளில் இறக்குகிறாள். போனில் பேசினால் போதாதா என்று நீ நினைப்பாய். போனில் உன் முகம் தெரியும். அதற்குத்தான் தாள்.

ஆடித்தபசுக்கு இந்த வருஷம் நல்ல கூட்டம், கடையில் பன்னிரண்டு நாளும் புரோட்டாக் கல் ஆறவில்லை, மாஸ்டர் மாரிராஜுக்குத் தோள்பட்டை வீங்கி ஒரு நாள் நானே வீச வேண்டியதாகிவிட்டது. அம்மா வழக்கம்போல விசைத்தறிக்குப் போய்வருகிறாள், காதுதான் கொஞ்சம் மந்தமாகி வருகிறது, நீ பேசும்போது சத்தமாகப் பேசு. இப்படியே ஊர்க்கதை சொல்லிக்கொண்டு போய்விடலாமா என்று பார்க்கிறேன், உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள், ஆகவே சொல்லிவிடுகிறேன். பங்குனியில் உன் குடல் ஆராய்ச்சிக்கென்று நீ ஒரு பார்சல் அனுப்பினாயே, ஏழு நாள் சாப்பாட்டை எழுத ஒரு நோட்டு, மலத்தில் துளி எடுத்து வைக்கக் குச்சியோடு ஒரு சின்ன டப்பா. அந்த டப்பாவில் உனக்கு வந்தது என்னுடையது அல்ல. உன் அம்மாவுடையது.

பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. கொழுப்பு கூடக்கூட அதைக் கரைக்கப் பித்தநீரும் கூடுதலாக இறங்கும், அதில் மிஞ்சுவது பெருங்குடலுக்குப் போனால் அங்கே இருக்கும் கிருமிகள் அதை வேறொன்றாக மாற்றிவிடும், அது குடல் சுவரில் இருக்கும் செல்களை வருஷக்கணக்கில் சீண்டிக்கொண்டே இருக்கும் என்றாய். பெருகு என்றொரு செய்தி, போதும் நில் என்றொரு செய்தி, இரண்டும் செல்லுக்குள் கைமாறிக் கைமாறித்தான் போகும், நில் என்கிற செய்தி போகும் வழி கெட்டுவிட்டால் செல் பெருகிக்கொண்டே இருக்கும் என்றாய். அதற்கு உன் அம்மாதான், "ஊடை நூல் அறுந்தா தறி தானா நிக்கணும், நிப்பாட்டுத கம்பி தேஞ்சு போச்சுன்னா நூலே இல்லாம அடிச்சிக்கிட்டே கெடக்கும், அது மாதிரியாட்டி" என்று கேட்டாள், நீ சிரித்து அதேதான் என்றாய். புரோட்டாவினால் மட்டும் வருவதில்லை, சங்கரசுப்புப் பெரியப்பாவை ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் குடல் புற்றுநோய்தானே கொண்டுபோனது, அதனால் கூடப்பிறந்த நீங்கள் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாய். எல்லாம் விளங்கித்தான் இருந்தது. ஆனாலும் பார்சல் வந்தபோது, பெற்ற மகள் கையில் இதையா கொடுப்பது, அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அவள் அப்பாவுடையது என்று தொட்டுப் பார்ப்பார்களே என்று உடம்பெல்லாம் கூசியது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் துணியை நான் எத்தனை தடவை அலசியிருப்பேன், அப்போது வராத கூச்சம் இப்போது வந்தது. அம்மா, "பிள்ளைய ஏமாத்துததுக்கு எங்கிட்டயா வந்து நிக்கிய" என்று திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். அதற்கு முந்திய மாதத்தில் இருந்தே எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கொடுத்திருக்க மாட்டாள். மூலம் என்று நானாக முடிவுசெய்து கருணைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

ரத்தம் இல்லை என்று நீ தாள் அனுப்பிய அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. ஆளை மாற்றிக் கொடுத்தவன் நான், அந்தத் தாளைப் பார்த்து எனக்கே நிம்மதி வந்தது. கடையில் எல்லாரிடமும் காட்டினேன். மாரிராஜ், "கல்கத்தாவுலயே பாஸான குடலு அண்ணாச்சி, இன்னும் ரெண்டு கொத்து புரோட்டாவ உள்ள தள்ளுங்க, ஒண்ணும் செய்யாது" என்றான், நானும் சிரித்துக்கொண்டே தின்றேன். இப்படியே ஆடி வந்துவிட்டது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன், போன வாரம் கல்லுக்கு முன்னால் நின்றவன் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பூமாரிதான் டாக்டர் ஷாஹின் பானுவிடம் கூட்டிப்போனாள். முன்னால் ஏதும் டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டதும் என் கை தானாகப் போய் சட்டைப் பையில் இருந்த உன் தாளை எடுத்து நீட்டியது. அவர் படித்துவிட்டு, "இதுல ரத்தமே இல்லன்னு வந்திருக்கே, அப்போ மூலமாத்தான் இருக்கும்" என்றார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன் மக்கா. உன் தங்கைதான், "டாக்டர், அது எங்க அம்மாவோடது" என்றாள். டாக்டர் அவளையும் என்னையும் பார்த்தார், கோபப்படவில்லை, தாளை மடித்து என் கையில் கொடுத்து, "இத உங்க வீட்டம்மாட்ட குடுங்க, அவங்க நல்லா இருக்காங்க. உங்களுக்கு வேற எழுதுதேன்" என்றார். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லி எழுதித் தந்திருக்கிறார். வியாழக்கிழமை போகிறேன்.

உன் ஆராய்ச்சியிலும் பொய்யைக் கலந்துவிட்டேன், என் பேரில் உள்ளதை எடுத்துவிடு, அங்கே உனக்கு மேலே உள்ளவர்களிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள். உன்னைக் குறைவாக நினைத்துச் செய்யவில்லை, என்னைத்தான் உன் முன்னால் குறைத்துக்கொள்ளப் பயந்தேன். அங்கே மழை என்று டிவியில் சொன்னார்கள், நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. நீ தீர்க்காயுசாக, நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு.

அக்கா, இனி எழுதுவது பூமாரி. அப்பா மாவு பிசையக் கடைக்குப் போய்விட்டார், கடைசியில் அவர் கையெழுத்துக்கு இடம் விட்டு எழுதுகிறேன். அப்பா எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார், நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் கையெழுத்து. காலையில் கம்மங்கூழ், மதியம் சோறும் கீரையும், இரவு இட்லி மூன்று என்று அவர் சொன்னதை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஏழு நாளும் எழுதினேன். கடையில் கூட்டம் ஓய்ந்ததும் சால்னாவின் மேலே மிதக்கும் எண்ணெயைப் புரோட்டாத் துண்டால் வழித்துத்தான் அவர் சாப்பிடுவார், அதைத் தினமும் பார்த்தவள் நான். அதோடு விடவில்லை. குடலுக்கு மோர் நல்லது என்று எங்கோ படித்திருந்தேன், ஆகவே அவர் சொல்லாமலே மூன்றாம் நாளில் இருந்து ஒரு டம்ளர் மோரை நானாகச் சேர்த்தேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று நீ பாராட்டி அனுப்பினாய், அதைத் தோழி ரசீதாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஒருநாளும் துணி துவைக்காத அப்பா, சித்திரையில் இருந்து தன் வேட்டியைத் தானே பைப்படியில் துவைத்ததையும் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கவனிப்பவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா சொன்னது "பாப்போம், தோதுப்படுத அன்னைக்குப் போறேன்" என்பதுதான். வியாழக்கிழமை போகிறேன் என்று எழுதியது நான். மோரைச் சேர்த்த மாதிரியே இதையும் சேர்த்துவிட்டேன். இந்த முறை அவருக்குத் தெரியாமல் அனுப்பப் போவதில்லை, சாயங்காலம் வந்ததும் முழுவதையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அந்த வரியை அவர் அடித்துவிட்டால் அடித்தபடியே உனக்கு வரும். அடிக்காவிட்டால், இது உன் கையில் கிடைக்கும்போது நாங்கள் போய் வந்திருப்போம்.

படிச்சிட்டேன் மக்கா. வியாழக்கெழமதான். பெறகு அந்த நோட்டுல உள்ள மோர நீயே அடிச்சிரு.

இப்படிக்கு,
உன் அப்பா
மூக்காண்டி